வீட்டின் தலைவியை வாட்டும் நோய்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடலோரப் பாதையில் கல்முனையைக் கடந்து, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால், இருமருங்கும் நெல்வயல்கள் விரிந்து கிடப்பதைக் காணலாம். அவ்வழியிலேயே சம்மாந்துறையும் வீரமுனையும் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர். மற்றது சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலை நடுநாயகமாகக் கொண்ட தமிழூர். வழிபாடு வேறு, வழக்கங்கள் சில வேறு. ஆயினும், இவ்விரு சமூகத்தாருக்கும் பொதுவான தொன்மை வாய்ந்த மரபொன்று உண்டு. இப்பகுதியில் வீடு மகளுக்கு உரியது. திருமணத்தின்போது பெற்றோர் மகளுக்கு வீட்டைக் கொடுப்பர். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். குடிவழியும் தாய்வழியாகவே எண்ணப்படும்.

ஆகவே, அம்மா என்று தமிழ்ப் பிள்ளைகளும் உம்மா என்று முஸ்லிம் பிள்ளைகளும் அழைக்கும் அந்த ஒருத்தியே இப்பகுதியில் வீட்டின் நடுத்தூண் ஆவாள். வீரமுனையில் 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களில் ஆண்மக்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் உள. கல்முனைக் கரையில் 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்து அழித்த குடும்பங்கள் உள. அக்குடும்பங்களில் எஞ்சியோரைத் தாங்கி நிறுத்தியவர்களுள் எத்தனையோ பேர் பெண்கள்!

அத்தகைய பெண்களை, அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் தலையெடுக்காத வயதில், ஓசையின்றி வந்து கவ்வும் நோயொன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். வாய்விட்டுச் சொல்ல நாணும் நோய் ஆதலால், வீட்டிலே தாயும் மகளும்கூட இதனைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால், புற்றுநோய்கள் யாவற்றுள்ளும் காரணம் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த நோய் இது. வருமுன் தடுக்கவும், வந்தபின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து நீக்கவும் வழிகள் இரண்டும் உள்ள நோய் இது. அவ்வாறிருந்தும், உலகம் முழுவதிலும் 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 3,50,000 பேர் உயிரிழந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தடுக்க வழியிருந்தும் தடுக்கப்படாத துயரம் அன்றோ இது?

வெரோனா நகரத்து வைத்தியர்

இந்நோயின் காரணத்தைத் தேடிய கதை சுவையானது. மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியதும் ஆகும். இத்தாலி நாட்டிலே வெரோனா என்னும் நகரில் ரிகோனி-ஸ்டேர்ன் என்றொரு வைத்தியர் இருந்தார். அந்நகரில் 1760 ஆம் ஆண்டு முதல் 1839 ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த மரணங்களின் பதிவேடுகளை அவர் பொறுமையுடன் புரட்டிப் பார்த்தார். மணமான பெண்களிடையேயும் கைம்பெண்களிடையேயும் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. கன்னிமாடங்களில் வாழ்ந்த துறவுப் பெண்களிடையே அது மிக அரிதாக இருந்தது. இதனை அவர் 1842 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இல்லற வாழ்வோடு தொடர்புடைய ஏதோவொன்று இந்நோய்க்குக் காரணமாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அன்று முளைத்தது. ஆனால், அந்த ‘ஏதோவொன்று’ யாது என்பதை அறிய மேலும் நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றன.

இடையிலே மற்றொரு தடயம் கிடைத்தது. அமெரிக்காவின் காட்டு முயல்கள் சிலவற்றின் தலையிலே கொம்புகள் போன்ற கரடுமுரடான வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. அவை வைரசு ஒன்றினால் உண்டாகும் பருக்களே என்பதை றிச்சர்ட் ஷோப் என்னும் விஞ்ஞானி 1933 ஆம் ஆண்டில் நிலைநாட்டினார். அப்பருக்களுட் சில பின்னர் புற்றுநோயாக மாறுவதும் கண்டறியப்பட்டது. வைரசுக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்பதை முயல் காட்டித் தந்தது.

இத்தடயங்களை ஒன்று சேர்த்தவர் ஜேர்மன் நாட்டு விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் ஆவார். மனிதருடைய கையிலும் காலிலும் தோன்றும் பாலுண்ணிகளுக்குக் காரணமான வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்த சிலவே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்குகின்றன என அவர் 1970 களிலே கூறத் தொடங்கினார். அக்காலத்தில் விஞ்ஞானிகள் பலர் வேறொரு வைரசின் மீதே ஐயங்கொண்டிருந்தனர். இவர் கூற்றை நம்பியோர் சிலரே. அவர் தளரவில்லை. புற்றுநோய்த் திசுக்களை எடுத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1983 ஆம் ஆண்டில் 16 ஆம் வகை வைரசையும், 1984 ஆம் ஆண்டில் 18 ஆம் வகை வைரசையும் அவரது குழுவினர் கண்டுபிடித்தனர். உலகிலுள்ள கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபது இவ்விரு வகைகளாலும் உண்டாவன என்பது பின்னர் தெளிவாயிற்று. அவர் 2008 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 2023 ஆம் ஆண்டில் மறைந்தார்.

அமெரிக்காவில் ஹென்றியேற்றா லாக்ஸ் என்னும் ஏழைத்தாய் ஒருவர், ஐந்து பிள்ளைகளை விட்டு, 1951 ஆம் ஆண்டில் தமது 31 ஆம் வயதில் இந்நோயால் இறந்தார். அவருடைய உடலிலிருந்து, அவருடைய சம்மதம் கேளாமலே எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடங்களில் இன்றும் அழியாது பெருகி வருகின்றன. ‘ஹீலா’ எனப் பெயர்பெற்ற அக்கலங்கள் எத்தனையோ மருந்துகள் பிறக்க உதவின. அக்கலங்களுக்குள்ளும் இருப்பது அந்த 18 ஆம் வகை வைரசே எனப் பிற்காலத்தில் அறியப்பட்டது.

கலத்தினுள் நிகழ்வது யாது?

இவ்வைரசுக்கு மனித பப்பிலோமா வைரசு என்று பெயர். சுருக்கமாக எச்.பி.வி. என்பர். இதில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. பெரும்பாலானவை தீங்கற்றவை, சில பாலுண்ணியை மட்டும் தோற்றுவிப்பன. பன்னிரண்டு வகைகள் அளவிலேயே புற்றுநோய்க்கு வழிகோலும் கொடியவை.

தோலோடு தோல் நெருங்கும் இல்லற உறவினால் இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லுகின்றது. இல்லறம் நடத்துவோரில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதற்கு ஆட்படுகின்றனர் என்பது வைத்திய நூலோர் கண்ட உண்மை. ஆயினும் அஞ்ச வேண்டுவதில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு, உடலின் இயற்கையான எதிர்ப்புச் சக்தியே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் இதனை விரட்டிவிடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எஞ்சிய சிலரது உடலில் மாத்திரமே இது நீங்காது குடியிருக்கின்றது. ஆபத்து அங்கேதான் பிறக்கிறது.

நமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் காவலர் இருவர் உளர் எனக் கொள்வோம். ஒருவர், கலம் அளவுக்கு மீறிப் பெருகாதவாறு கடிவாளத்தைப் பிடித்திருப்பவர். மற்றவர், பழுதுற்ற கலத்தை அழித்துவிடுமாறு கட்டளையிடுபவர். நீங்காது தங்கிய கொடிய வைரசு, இ6, இ7 என்னும் இரு புரதங்களை உண்டாக்குகின்றது. அவற்றுள் ஒன்று முதற் காவலரின் கையைக் கட்டுகிறது. மற்றது இரண்டாம் காவலரை அழித்தே விடுகிறது. காவலிழந்த கலம் தறிகெட்டுப் பெருகத் தொடங்கும். முதலிற் சிறு மாற்றம், பின்னர் பெரிய மாற்றம், முடிவிலே புற்றுநோய்.

இந்த மாற்றம் ஓரிரவில் நிகழ்வதன்று. உடல்நலமுள்ள பெண்ணொருத்தியில் இது முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் செல்லும். எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியோரில் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலும் நிகழலாம். புகைத்தல், மிக இளவயதிலே இல்லறம் தொடங்குதல், பல பிரசவங்கள் என்பன இம்மாற்றத்திற்குத் துணை செய்வன. நோய் எடுத்துக்கொள்ளும் இந்த நீண்ட காலமே நமக்குக் கிடைத்துள்ள பெரிய வாய்ப்பு. வெள்ளம் வருமுன் அணைகட்ட இருபது ஆண்டு அவகாசம் கிடைத்தும் கட்டாதிருப்போமாயின், குற்றம் வெள்ளத்தினுடையதன்று.

திண்டுக்கல் காட்டிய வழி

தமிழ்நாட்டிலே திண்டுக்கல் மாவட்டம் வானம் பார்த்த பூமியும் கூலித் தொழிலாளரும் மிகுந்தது. அங்கே அம்பிளிக்கை என்னும் சிற்றூரிலுள்ள கிறிஸ்தவ சுகாதார நிலையம் ஒன்று, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துடனும் பிரான்சிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடனும் இணைந்து ஓர் அரிய முயற்சியில் இறங்கியது. அடையாறு நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954 ஆம் ஆண்டில் நிறுவியது. பின்னர் டாக்டர் சாந்தா அம்மையார் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்து வளர்த்தது.

நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் தேர்ந்த நிபுணரும் இல்லாத கிராமங்களில் இந்நோயை எவ்வாறு கண்டறிவது? இதற்கு அவர்கள் கையாண்ட கருவி மிக எளியது. நாம் அச்சாறு போடும்போது ஊற்றுகின்ற வினாகிரியின் சாரமாகிய அசற்றிக் அமிலத்தை, நீரிற் கரைத்துக் கருப்பைக் கழுத்திலே பஞ்சினால் தடவினர். மாற்றமடைந்த கலங்கள் இருக்கும் இடம் சற்று நேரத்தில் வெண்மையாகத் தோன்றும். வெறுங்கண்ணுக்கே அது புலப்படும். இதனைப் பயிற்சி பெற்ற தாதியரே செய்தனர். வெண்மை கண்ட பெண்களை மேலும் பரிசோதித்து, தேவையானவர்களுக்கு அவ்விடத்தைக் கடுங்குளிரால் உறையச் செய்து அழிக்கும் சிகிச்சையையும் அளித்தனர்.

முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான 49,311 பெண்கள் இப்பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுள் 2000 ஆம் ஆண்டுக்கும் 2003 ஆம் ஆண்டுக்கும் இடையில் வந்து பரிசோதித்துக் கொண்டோர் 31,343 பேர். இதன் முடிவுகள் 2007 ஆம் ஆண்டில் ‘லான்செற்’ என்னும் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகையில் வெளியாயின. பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிடும்போது, அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. அந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. ஒரேயொரு முறை செய்த பரிசோதனையின் பயன் இது! வினாகிரியும் ஒளிவிளக்கும் பயிற்சி பெற்ற தாதியும் சேர்ந்து இத்தனை தாய்மாரைக் காக்க முடியுமெனின், ஏழ்மையைக் காரணங்காட்டி எந்த நாடும் கைகட்டி நிற்றல் முறையன்று.

இக்கணக்கிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேறொரு தொகையும் உண்டு. அழைத்தும் வாராதிருந்த பெண்கள் ஏறத்தாழ 18,000 பேர். வீட்டு வாசல்வரை வந்த உதவியை ஏற்க அத்தனை பேருக்கு முடியவில்லை. மூவரில் ஒருவருக்கு மேல் விலகி நின்ற அந்த இடைவெளியை நிரப்புவதற்கு மருந்து போதாது; வீட்டாரின் மனம் மாறுதல் வேண்டும். நமது ஊர்களுக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டிலே உள்ள வசதி

கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை மெல்லச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டிலே பூசி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கும் முறையைக் கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய டாக்டர் ஜோர்ஜ் பப்பனிக்கலோ என்பவர் உருவாக்கினார். 1928 ஆம் ஆண்டில் அவர் முதன்முதலில் எடுத்துரைத்தபோது பெரிதாகச் செவிசாய்த்தோர் இலர். 1940 களில் அம்முறை நிலைபெற்றது. ‘பப் பரிசோதனை’ என்று இன்று உலகெங்கும் வழங்குவது அவர் பெயரின் சுருக்கமே.

இலங்கையில் 1996 ஆம் ஆண்டில் ‘வெல் வுமன் கிளினிக்’ எனப்படும் மகளிர் நலச் சிகிச்சை நிலையங்கள் தொடங்கப்பட்டன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இவை நடைபெறுகின்றன. 35 வயதை எய்திய பெண்களுக்குப் பப் பரிசோதனை செய்தல் இவற்றின் முதன்மையான நோக்கம்; பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டனர். வைரசின் மரபணுவையே நேராகத் தேடும் புதிய பரிசோதனையும் களுத்துறை மாவட்டத்திலே பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. இக்கிளினிக்குகளில் மார்பகம், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியனவும் சோதிக்கப்படுகின்றன. இவை அரசாங்கத்தின் இலவச சேவைகள்.

இப்பரிசோதனை சில நிமிடங்களில் முடிவது. மயக்க மருந்து இல்லை, வெட்டுதல் இல்லை. சிறிது அசௌகரியம் தோன்றலாம், அவ்வளவே. திரைக்குப் பின்னால் நடைபெறுவது. உடன் ஒரு பெண்ணை அழைத்துச் செல்லவும் தடையில்லை. பிரசவ காலத்தில் நம் வீட்டுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளையின் நிறையை எழுதிச் சென்ற அதே குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால், கிளினிக் நடைபெறும் நாளையும் இடத்தையும் சொல்லுவார். பிள்ளைக்காகக் கிளினிக்குக்கு வெய்யிலில் நடந்து சென்ற தாய், தனக்காக ஒருநாள் செல்லுதல் ஆகாதோ?

பரிசோதனையில் மாற்றம் காணப்பட்டால் உடனே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். அது பெரும்பாலும் புற்றுநோய்க்கு முந்திய நிலையாகவே இருக்கும். அந்நிலையில் பழுதுற்ற பகுதியை மாத்திரம் நீக்கிவிட்டால் பெண் அன்றே வீடு திரும்பலாம். புற்றுநோயே ஆயினும், தொடக்க நிலையிற் கண்டுபிடித்தால் சத்திரசிகிச்சையாலும் கதிர்ச் சிகிச்சையாலும் குணப்படுத்த முடியும். கல்முனைப் பகுதியார்க்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு அண்மையில் உள்ளது. மகரகமையில் தேசிய புற்றுநோய் வைத்தியசாலையாகிய ‘அபேக்ஷா’ உள்ளது. ஆனால், காலந்தாழ்த்தி வருபவர்களுக்குக் கதவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போகிறது.

தடுப்பூசி பிறந்த கதை

இனி, நோய் வருமுன் காக்கும் வழியைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசர் என்பவரும், சீன நாட்டிலிருந்து வந்த ஜியான் சூ என்பவரும் 1991 ஆம் ஆண்டில் ஒரு விந்தையைக் கண்டனர். வைரசின் வெளிக்கவசத்திற்குரிய புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினால், அது தானாகவே ஒன்றுகூடி வைரசின் உருவத்தை எய்துகின்றது. வெளித்தோற்றம் வைரசு, உள்ளே ஒன்றுமில்லை. நெல்மணியற்ற பதரைப் போன்றது அது. முளைக்காது, பெருகாது, நோய் தராது. ஆனால் உடலின் காவற்படை அதன் உருவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் உண்மையான வைரசு வரும்போது வாசலிலேயே மறித்துவிடும். அமெரிக்க விஞ்ஞானிகளும் இதே வழியில் உழைத்தனர். ஜியான் சூ தமது உழைப்பின் பயனைக் காணாமலே 1999 ஆம் ஆண்டில் காலமானார். 2006 ஆம் ஆண்டில் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. அவுஸ்திரேலியா 2007 ஆம் ஆண்டில் நாடளாவிய திட்டத்தைத் தொடங்கி உலகிற்கு முன்னோடியாயிற்று. அண்டை நாடாகிய இந்தியாவிலும் 2022 ஆம் ஆண்டில் உள்நாட்டுத் தயாரிப்பான தடுப்பூசிக்கு அனுமதி வழங்கப்பட்டது.

இலங்கை அரசு 2017 ஆம் ஆண்டில் இத்தடுப்பூசியைத் தேசியத் திட்டத்திலே சேர்த்தது. பாடசாலையில் ஆறாம் தரத்திற் பயிலும் மாணவியருக்கு, ஆறு மாத இடைவெளியில் இரு தவணைகளாக இது வழங்கப்படலாயிற்று. ஏன் அந்த இளவயது? தடுப்பூசி வைரசைத் தடுக்கும். முன்னரே குடிபுகுந்த வைரசை விரட்டாது. எனவே, இல்லறம் என்ற சொல்லே எட்டாத வயதில் ஏற்றுவதே முழுப் பயனைத் தரும். அன்றியும் அவ்வயதிலே உடலின் எதிர்ப்புச் சக்தி மிகச் சிறப்பாக விழித்தெழுகிறது.

பலன் என்ன? இங்கிலாந்தில் 12, 13 வயதிலே தடுப்பூசி பெற்ற பெண்களிடையே இந்நோய் நூற்றுக்கு 87 பங்கு குறைந்ததாக 2021 ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். ஸ்கொட்லாந்தில் அதே வயதிலே தடுப்பூசி பெற்றுக்கொண்ட தொடக்ககால மாணவியரிடையே ஒருவருக்கேனும் இந்நோய் பரவும் நிலையிற் காணப்படவில்லை என 2024 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஒரு புற்றுநோயை ஊசியொன்று இவ்வாறு துடைத்தெறிவது மனித வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று.

சில ஐயங்களும் விடைகளும்

*‘இந்த ஊசியால் பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்கிறார்களே?’*

இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கோடிக்கணக்கான சிறுமியர் இதனைப் பெற்று, வளர்ந்து, தாய்மாராகியும் உள்ளனர். உண்மையில் தாய்மையைப் பறிப்பது ஊசியன்று, நோயே. கருப்பையை அகற்ற நேரும் இளம் பெண்களைக் கேட்டால் அறியலாம். ஊசி ஏற்றிய இடத்தில் நோவு, சிறு காய்ச்சல், சிலருக்குத் தலைச்சுற்று என்பன உண்டாகலாம். ஆதலால் ஊசியின் பின் பிள்ளையைச் சிறிது நேரம் அமர்த்தி வைப்பர்.

*‘மார்க்கத்துக்கு முரணாகுமோ?’*

பரவலாக வழங்கும் தடுப்பூசி, பாண் புளிக்க வைக்கும் ஈஸ்ற் கலங்களில் உண்டாக்கப்படுவது. மலேசியா 2010 ஆம் ஆண்டிலேயே பாடசாலை மாணவியருக்கு இதனை வழங்கத் தொடங்கியது. இந்தோனேசியாவும் பங்களாதேசமும் 2023 ஆம் ஆண்டில் நாடளாவிய திட்டங்களைத் தொடங்கின. முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் நாடுகள் இவை என்பது சொல்லாமலே விளங்கும்.

*‘என் மகள் ஒழுக்கமாக வளர்பவள், அவளுக்கு எதற்கு?’*

ஒழுக்கத்துக்கும் இவ்வூசிக்கும் தொடர்பில்லை. ஒருவனுக்கு ஒருத்தியென வாழும் பெண்ணுக்கும் இந்நோய் வரலாம். திருமணத்துக்கு முன் கணவன் எவ்வாறு வாழ்ந்தான் என்பது மனைவியின் கையில் இல்லை. கக்குவான் இருமலுக்கு எதிரான தடுப்பு மருந்தைக் குழந்தைக்கு ஏற்றும்போது நாம் அதன் ஒழுக்கத்தை ஆராய்வதில்லை, இதுவும் அவ்வாறே.

*‘ஊசி ஏற்றியபின் பரிசோதனை வேண்டுமா?’*

வேண்டும். எல்லாக் கொடிய வகைகளையும் ஊசி தடுத்துவிடுவதில்லை. ஆகவே 35 வயதில் பரிசோதனையும் தேவை.

வதந்திக்குச் செவிகொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு யப்பான் நாடு ஒரு பாடம். அங்கே 2013 ஆம் ஆண்டில் பக்கவிளைவுகள் பற்றிய பரபரப்பு எழவே, அரசு இவ்வூசியை ஏற்றுமாறு ஊக்குவிப்பதை நிறுத்தி வைத்தது. நூற்றுக்கு எழுபதளவில் இருந்த தொகை ஒன்றுக்குங் கீழே வீழ்ந்தது. ஆய்வுகள் ஊசியைக் குற்றமற்றதெனக் காட்டிய பின், 2022 ஆம் ஆண்டிலேதான் அரசு மீண்டும் ஊக்குவிக்கத் தொடங்கியது. இடையிலே கழிந்த ஒன்பது ஆண்டுகளில் வளர்ந்துவிட்ட பெண்களுக்கு, இழந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பர்?

பழி சுமத்தாதீர்

இவ்விடத்தில் ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியின் பரிசோதனையில் வைரசு இருப்பதாக முடிவு வந்தால், அதனைக் கொண்டு அவளுடைய நடத்தையில் ஐயங்கொள்ளுதல் பெருந்தவறு, அறியாமையின் விளைவு. இவ்வைரசு எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் உறங்கிக் கிடக்க வல்லது. எப்பொழுது வந்தது, எவரிடமிருந்து வந்தது என்பதை எந்த வைத்தியராலும் சொல்ல இயலாது. ஆண்களின் உடலிலும் இது தங்குகிறது. தொண்டை முதலிய இடங்களில் அவர்களுக்கும் புற்றுநோயை உண்டாக்குகிறது. ஆதலாற்றான் அவுஸ்திரேலியா முதலிய நாடுகள் சிறுவருக்கும் இவ்வூசியை ஏற்றுகின்றன.

பழிக்கு அஞ்சியே பல பெண்கள் வாய் திறப்பதில்லை. திறவாத வாய் நோய்க்குத் துணை. மனைவியைக் கிளினிக்குக்குத் தன் சைக்கிளிலோ முச்சக்கர வண்டியிலோ அழைத்துச் சென்று வெளியே காத்திருக்கும் கணவன், அவளுக்கு வாங்கிக் கொடுக்கும் எந்தச் சேலையினும் பெரிய பரிசைக் கொடுத்தவன் ஆவான்.

செய்யவேண்டியவை

பின்வரும் அறிகுறிகளை எந்தப் பெண்ணும் புறக்கணித்தல் ஆகாது: மாதவிடாய்க் காலங்களுக்கு இடையே இரத்தம் படுதல், இல்லற உறவின் பின் இரத்தம் படுதல், மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் இரத்தம் காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல், காரணம் தெரியாத இடுப்பு வலி. இவையெல்லாம் புற்றுநோயாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. ஆனால், அன்று என்று அறுதியிட்டுக் கூறும் உரிமை வைத்தியருக்கே உரியது. ‘வயது போன காலத்தில் இப்படித்தான்’ என்று அண்டை வீட்டார் சொல்லும் ஆறுதலை நம்பி இருந்துவிடக் கூடாது. நோய் தொடக்க நிலையில் எந்த அறிகுறியும் காட்டாது என்பதையும் மறவாதீர்கள். நோவு இல்லாதபோதே பரிசோதனைக்குச் செல்லுதல் இதனாலேயே அவசியமாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இலக்கை வகுத்தது. 2030 ஆம் ஆண்டுக்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுப்பூசி பெறவேண்டும். பெண்களில் நூற்றுக்கு எழுபது பேர் 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதிக்கப்படவேண்டும். நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிகிச்சை பெறவேண்டும். இம்மூன்றும் நிறைவேறினால், பெரியம்மை ஒழிந்ததுபோல் முற்றாக அழியாவிடினும், இந்நோய் அரிய நோயாகிவிடும். ஊசியைப் பொறுத்தமட்டில் நமது நாட்டின் பாடசாலைகள் அவ்வழியிலே முன்னேறிச் செல்கின்றன. தளர்ச்சி நிலவுவது தாய்மாரின் பரிசோதனையிலேதான்.

இங்கே பெற்றோர் கவனத்திற்கு ஒரு கணக்கு. ஆறாம் தரத்திற் பயிலும் மகளுக்குப் பதினொரு வயது. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் அவளைப் பெற்றெடுத்த தாய்க்கு அந்த ஆண்டிலே முப்பத்தைந்து வயது நிரம்பும். மகளுக்கு ஊசி ஏற்றும் காலமும், தாய்க்குப் பரிசோதனை செய்யும் காலமும் பல குடும்பங்களில் ஒன்றாகவே வந்து சேருகின்றன! ஆகவே, தடுப்பூசி பற்றிய அறிவித்தலைப் பாடசாலையிலிருந்து மகள் வீட்டுக்குக் கொண்டுவரும் நாளை, தாயும் தன் கிளினிக் நாளைக் குறித்துக்கொள்ளும் நாளாக வைத்துக்கொள்ளலாம். உயர்வகுப்பு மாணவியர் இதனைப் படித்தால், தம் தாயிடமும் சாச்சியிடமும் மாமியிடமும் நாணத்தை விடுத்து எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அம்மம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் கிட்டாத அறிவு இது. இன்று நமக்குக் கிட்டியிருக்கிறது. கிட்டிய அறிவை வீட்டுக்குள் பூட்டி வைத்தல் ஆகாது.